நாள் கூலியை முப்பதால் பெருக்காதீர்கள்

பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் மரக்காணத்தில் காரை ஓரங்கட்டி, உப்புக் குவியல்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார் ஒரு நண்பர். படங்களைக் காட்டிக்கொண்டே, "இவங்களுக்கு ஒரு நாளைக்கு என்னங்க கூலி?" என்று கேட்டார். ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை மாறும், ஒரு பேச்சுக்கு ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "அப்போ மாசம் பதினஞ்சாயிரம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போனா முப்பதாயிரம். பரவாயில்லையே" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மாதச் சம்பளம் வாங்குகிற யாருக்கும் நாள் கூலியைக் கேட்டவுடன் முப்பதால் பெருக்கத்தான் தோன்றும். உப்பளத்தில் அந்தப் பெருக்கல் செல்லாது. ஏன் செல்லாது என்று நின்ற இடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வரி. மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரப் பேரூராட்சி. ஆந்திராவிலிருந்து கடலை ஒட்டியே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. பக்கத்திலேயே கழுவெளி, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெரிய உவர்நீர்ப் பரப்பு. மத்திய, மாநில அரசுகளுக்குச் சொந்தமான சுமார் 3,500 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறார்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் என்று சொன்னால் அடுத்து மரக்காணம் என்று சொல்லும் அளவுக்கு உப்புக்குப் பேர் போன ஊர். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். பழம்பெருமைக்குக் குறைச்சல் இல்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் கூலிக் கணக்கு புரியும். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் அளத்தில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரை இறைக்க வேண்டும். சேற்றை வாரி வரப்பைச் சரிசெய்து, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். விளைகிற உப்பிலும் மண் ஏறிவிடும். அதற்குப் பிறகு உவர்நீரைப் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி மாற்றிக் காயவைப்பார்கள். கடல் தண்ணீரின் உப்படர்த்தி போமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். அது ஏறத்தாழ 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு பூக்கும். அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது வெயிலும் காற்றும். நீளமான கழியில் பலகை கோத்து உப்பை வாரி வரப்பில் குவிப்பார்கள். அதைக் கூடையில் அள்ளித் தலைச்சுமையாக மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். சுமக்கிறவர்களில் பெண்கள் அதிகம். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே இறங்கிவிடுகிறார்கள்.

சித்திரையில் ஒரு மழை, ஒரே ஒரு மழை, நன்றாகப் பெய்தால் போதும். பாத்தியில் ஏறியிருந்த டிகிரி விழுந்துவிடும். பூத்த உப்பு கரையும். மறுபடி தண்ணீரை வெளியேற்றி, பாய்ச்சி, காயவைத்து, உப்பு வாரும் நிலைக்கு வர ஒரு வாரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அத்தனை நாளும் வாருகிறவருக்கும் சுமக்கிறவருக்கும் வேலை கிடையாது. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் கிடையாது.

இப்போது நண்பரின் கணக்குக்கு வருவோம். மாசியிலிருந்து புரட்டாசி வரை எட்டு மாதம் உப்புக் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். மழை, மோட்டார் பழுது, உடம்புக்கு முடியாத நாள், நல்லது கெட்டது எல்லாம் போக மாதம் இருபது நாள் வேலை கிடைத்தால், வருஷத்துக்கு 160 நாள். ஐந்நூறு ரூபாய் வீதம் 80,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 6,667. 365ஆல் வகுத்தால் நாளைக்கு 219 ரூபாய். நண்பர் பதினைந்தாயிரம் என்று நினைத்தது பாதிக்கும் கீழே போய்விட்டது. பெண்ணின் கூலி ஆணுடையதைவிடக் குறைவு என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தாலும் முப்பதாயிரத்தின் பக்கத்தில்கூட வராது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அளத்தில் வாருவது ஆண் வேலை, சுமப்பது பெண் வேலை என்று பிரித்து வைத்துவிட்டால் சம வேலை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. உப்பு நிறைந்த கூடையைத் தலையில் ஏற்றி வழுக்குகிற வரப்பில் நாளெல்லாம் நடப்பது எந்த வகையில் குறைந்த வேலை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, பல வருஷமாக அளத்துக்குப் போகிறவர், இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "கூலி ஏத்திட்டாங்க தம்பி, இல்லன்னு சொல்லல. வேலை எத்தினி நாளு இருக்குது? அதச் சொல்லு."

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். கூலி 450 ஆக இருந்தபோது 180 நாள் வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷ வரும்படி 81,000. கூலி ஐம்பது ரூபாய் ஏறி 500 ஆனது. ஆனால் கோடை மழையும் முன்கூட்டியே வந்த ஐப்பசி மழையும் சேர்ந்து இருபது நாளைத் தின்றுவிட்டன. வரும்படி 80,000. கூலி ஏறியிருக்கிறது, வருமானம் ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது. இந்த இடத்தைத்தான் பேச்சுவார்த்தைகளிலும் புள்ளிவிவரங்களிலும் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில், 2012க்குப் பிந்தைய பத்தாண்டில் மாதச் சம்பளக்காரர்களின் உண்மை ஊதியம் இறங்கியது, தினக்கூலிகளின் ஊதியம் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம்போல ஏறியது என்று இருக்கிறது. நாடு முழுவதற்குமான சராசரியாக அது சரியாகவே இருக்கலாம். மரக்காணத்தில் ஒரு வீட்டின் நிலையை அதை வைத்துச் சொல்ல முடியாது. இங்கே தேய்வது வேலை நாள்.

அந்த அக்கா வீட்டில் மளிகைக் கடை நோட்டு ஒன்று இருக்கிறது. மடக்கி மடக்கி முதுகு கிழிந்த நாற்பது பக்க நோட்டு. கடைக்காரர் எழுதுவார், மாதக் கடைசியில் கூட்டிப்போடுவார். அதைப் புரட்டிப் பார்க்கக் கேட்டேன், தயங்காமல் கொடுத்தார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழிப் பக்கங்கள் வரிக்கு வரி நெருக்கமாக எழுதி நிரம்பியிருக்கின்றன. எண்ணெய் அரை லிட்டர், துவரம்பருப்பு கால் கிலோ, புளி, மிளகாய்த்தூள், சோப்பு, தலைவலி மாத்திரை, மறுபடி எண்ணெய். தை மாதத்துக்கு இரண்டே வரி. மாசி பிறந்ததும் எழுத்து மாறுகிறது: வரவு முந்நூறு, வரவு ஐந்நூறு, வரவு இருநூறு. சாமான் குறைவு, வரவு அதிகம். வைகாசி வாக்கில் பழைய பாக்கி தீர்ந்து ஒரு குறுக்குக் கோடு. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்ததும் வரவு நின்றுபோய்ச் சாமான் வரிகள் திரும்பி வருகின்றன.

அந்த நோட்டில் அரிசி எங்குமே இல்லை. ரேஷன் அரிசி இலவசமாக வருகிறது. அதோடு பெண்களுக்கு 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு 2022இல் தொடங்கியது, 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம். இவை இல்லையென்றால் அந்தக் குறுக்குக் கோடு விழுந்தே இருக்காது. இதை "ஓசி" என்று பேசுகிற ஆட்கள் அந்த நோட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மனசாரச் சொல்கிறேன்.

நோட்டில் இல்லாத இன்னொன்று கேஸ் சிலிண்டர். கடைக்காரர் கடன் கொடுப்பார், சிலிண்டர் கொண்டுவருகிறவர் கொடுக்க மாட்டார். 2025 ஏப்ரலில் ஐம்பது ரூபாய் ஏறி, சென்னை விலையே 868 ரூபாய் 50 காசு ஆனது. மேலே சொன்ன 219 ரூபாய்க் கணக்கில் ஏறத்தாழ நான்கு நாள் வருமானம். அதனால் மழைக்காலத்தில் சிலிண்டரைப் பாலுக்கும் டீக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, சோற்றுக்கு வேலிக்காத்தான் விறகு. அந்த மாதங்களில் விறகும் ஈரம்.

பண்டிகைகளும் பார்த்துப் பார்த்து வேலை இல்லாத காலத்திலேயே வருகின்றன. தீபாவளி ஐப்பசியில், பொங்கல் தையில். அதற்காகவே உப்புக் காலத்தில் மாதா மாதம் தீபாவளிச் சீட்டுக் கட்டுகிறார்கள். சிக்கனம் தெரியாதவர்கள் என்று இவர்களைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் அருகதை கிடையாது. எட்டு மாத வருமானத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டிக்கத் தெரிந்தவர்கள். ஒரு காய்ச்சல், ஒரு காதுகுத்து, கூரையில் ஒரு ஓட்டை என்று வந்தால்தான் நூல் அறுந்துபோகிறது. அப்போது தோடு அடகுக்குப் போகும், இல்லையென்றால் குழுக்கடன். குழுக்கடனுக்குத் தவணை தேதி தேதியாக வரும். கார்த்திகையில் வேலை இல்லை என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். கடன் வசூலில் மிரட்டுவதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மிரட்டல் குறையலாம். கடன் வாங்க வைக்கிற அந்த மூன்று மாதம் அப்படியேதான் இருக்கிறது.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உப்பளத் தொழிலுக்கும் தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலி உண்டுதான். ஆனால் குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிடும் முறை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1957இல் 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஒரு குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்று பட்டியல் போட்டது: வளர்ந்த ஆளுக்கு 2,700 கலோரி சாப்பாடு, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு. 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், கல்யாணம், முதுமை ஆகியவற்றுக்கு 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது. அந்த வழக்கு சென்னைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் பஞ்சப்படிக்காக நடந்தது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. 2019 ஜனவரியில் மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு, 2018 ஜூலை விலைவாசியில் நாளைக்கு 375 ரூபாய், மாதம் 9,750 ரூபாய் வேண்டும் என்றது. அந்த வருஷம் மத்திய அரசு அறிவித்த தேசிய அடிமட்டக் கூலியோ 178 ரூபாய்.

இங்கே கவனியுங்கள். 375க்கும் 9,750க்கும் இடையில் இருக்கிற எண் 26. மாதம் 26 நாள் வேலை உண்டு என்பது சட்டத்தின் அடியிலேயே இருக்கிற நம்பிக்கை. வருஷத்துக்கு 312 நாள். உப்பளத்தில் கிடைப்பது அதில் பாதி. எனவே ஒருவருக்கு 375 அல்ல, 500 கொடுத்தாலும் மாதம் 6,667தான் கைக்கு வருகிறது. 2018 விலையில் ஒரு குடும்பம் பிழைக்கத் தேவை என்று அரசே அமைத்த குழு சொன்ன தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு துண்டு விழுகிறது. சட்டத்தை மீறாமலேயே, சொன்ன கூலியைக் கைமேல் கொடுத்தே, ஒரு குடும்பத்தை வறுமையில் வைத்திருக்க முடியும். இதைத்தான் நண்பருக்குச் சொல்ல வந்தேன்.

மழையின் நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பது அடுத்த கேள்வி. குத்தகைதாரர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் இல்லை. சின்ன அளக்காரர்களுக்கும் மோட்டார்ச் செலவு, தார்ப்பாய், லாரி வாடகை உண்டு. நாட்டின் உப்பில் பெரும்பகுதி குஜராத்தில் விளைவதால் விலை இவர்கள் கையில் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்று கொட்டியபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை. அளங்கள் ஏரியாகக் கிடந்தன. அவர்கள் நஷ்டத்தை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அளக்காரர் உப்பை மேட்டில் குவித்து, மூடி, காத்திருக்கலாம். மழைக்காலத்தில் வரத்து குறைந்து விலை ஏறும்; அப்போது விற்கலாம். ஒரு வருஷம் போனதை ஓரளவு அடுத்த வருஷம் பிடிக்கலாம். உழைப்பை அப்படிக் குவித்து வைக்க முடியாது. சித்திரை மழையில் போன பத்து நாள் வேலை போனதுதான். கார்த்திகையில் அதை விற்க முடியாது. உப்பு விலை ஏறுகிற அதே மாதங்களில் அந்த உப்பை வாரியவர் வீட்டில் கடன் ஏறுகிறது. கடையில் பாக்கெட் உப்பு கிலோ முப்பது ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஏற்றத்தில் ஒரு காசுகூட அளத்துக்கு இறங்கி வந்த மாதிரி தெரியவில்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் 2022இல் தொடங்கியது. பல பத்தாண்டுகளாகக் கேட்டுக் கிடைத்தது, நல்ல காரியம். மூன்று மாதத்துக்கு 92 நாள். நாளைக்கு 54 ரூபாய், ஒரு ஆளுக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு. இதே கடற்கரையில் மீனவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; அதற்கான நிவாரணத்தை 5,000லிருந்து 8,000 ஆக உயர்த்துவதாக 2023இல் அறிவித்தார்கள். நாளைக்கு 131 ரூபாய் வருகிறது. மீனவர்களுக்கு அதுவே போதாது, அவர்களுடையதில் கைவைக்கச் சொல்லவில்லை. உப்பளத்துக் குடும்பத்தின் பசி அதில் பாதிகூட இல்லை என்று யார் முடிவு செய்தார்கள் என்பதே என் கேள்வி.

நூறு நாள் வேலைக்குப் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அந்தக் கூலி 336 ரூபாயாக இருந்தது. அந்தத் திட்டம் கிராம ஊராட்சிகளுக்கானது. மரக்காணம் பேரூராட்சி. சுற்றுக் கிராமங்களிலிருந்து அளத்துக்கு வருகிறவர்களுக்கு அட்டை இருக்கலாம். பேரூராட்சிக்குள் குடியிருப்பவருக்குக் கிடையாது. ஒரே வரப்பில் முன்னும் பின்னுமாகக் கூடை சுமந்து நடக்கிற இரண்டு பெண்களில் ஒருத்திக்கு மழைக்காலத்தில் ஒரு பிடிமானம் உண்டு, இன்னொருத்திக்கு இல்லை. காரணம் வீட்டு முகவரி.

உடம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேலை நாள் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த அக்காவின் பாதத்தில் வெடிப்புகளின் ஓரம் வெளுத்து, உள்ளே சிவந்து கிடக்கும். ராத்திரி விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார், காலையில் அதே காலோடு உவர்நீரில் இறங்குவார். அளத்தில் மறைவிடம் இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் பெண்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் முந்நூற்றைம்பது பேருக்கு மேல் பரிசோதித்ததில், பெரும்பாலானோர் பரிந்துரைத்த வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வதையும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் பதிவுசெய்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதில் சுமை தூக்க முடியாமல் போனால் 160 நாள் நூறாகும், பிறகு அறுபதாகும். அதற்கு எந்த ஈட்டுத்தொகையும் கிடையாது.

என்ன செய்யலாம் என்பதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. நிவாரணத்தை மொத்தத் தொகையாக அல்லாமல் நாள் கணக்கில் நிர்ணயிக்கலாம்: நாளைக்கு 150 என்று வைத்தாலும் 92 நாளுக்கு 13,800 வருகிறது. அதையும் குடும்பத்துக்கு ஒன்று என்று முடித்துவிடாமல் அளத்துக்குப் போகும் ஒவ்வொரு ஆளுக்கும் தரலாம். கோடை மழையில் பாத்தி கெட்டுப்போகிற நாட்களுக்குப் பாதிக் கூலியாவது உண்டு என்று ஆக்கலாம்.

இதற்கெல்லாம் தனியார் மனசு வைக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இந்த 3,500 ஏக்கரும் அரசு நிலம். குத்தகையை எழுதுவது அரசு, புதுப்பிப்பது அரசு. வருகைப் பதிவேடு வைக்க வேண்டும், அதில் பெண்ணின் பெயர் தனியாக ஏற வேண்டும், கூலி வங்கிக் கணக்கில் போக வேண்டும், நிழற்கூரையும் குடிதண்ணீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும், மழையில் நின்றுபோன நாளுக்குப் பாதிக் கூலி தர வேண்டும் என்று குத்தகைப் பத்திரத்திலேயே நான்கு வரி சேர்த்தால், மீறுகிறவருக்கு அடுத்த குத்தகை இல்லை என்று ஆகிவிடும். பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் நிவாரணப் பட்டியலிலும் பெயர் ஏறும். மழைக்காலத்தில் அளம் சும்மாதான் கிடக்கிறது. மறுபடி சேறு மிதிக்கத் தொழிலாளர்கள் இறங்குவதற்குள் அந்த நான்கு வரியை எழுதிச் சேர்க்க அந்த மூன்று மாதம் தாராளமாகப் போதும்.